பதினொரு நிமிஷம் பிந்தி வரும் காலடி

லூக்காஸ் ஓடும் ஓட்டத்தின் சத்தம், அவன் வீடு வந்து சேர்ந்து பதினொரு நிமிஷம் கழித்துத்தான் வீட்டுக்கு வரும். ஒலிம்பிக் போட்டிக்கு அவன் தெரிவான சனிக்கிழமை தொடங்கியது இது. அதற்கு முன்பு அவனுடைய காலும் காலின் சத்தமும் எல்லோருக்கும் இருப்பதுபோல ஒன்றாகத்தான் இருந்தன. கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில் பெரிய ரோட்டிலிருந்து எண்பத்துநாலு சீமெந்துப் படி ஏறினால் ஒன்பது வீடு வரும். ஏழாவது வீடு அவனுடைய அம்மா மதலேனாவுடையது. அன்று பின்னேரம் நாலு இருபதுக்கு லூக்காஸ் படியேறி வந்து, சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, கதிரையில் உட்கார்ந்து பால் விடாத பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தான். நூறு மீற்றரைப் பத்து தசம் நான்கு ஒன்றில் ஓடியிருந்தான். படிக்கட்டு ஓரத்து வீடுகளில் இருந்தவர்கள் எல்லாம் கைகொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். நாலு முப்பத்தொன்றுக்குக் கீழே ரோட்டிலிருந்து ஒருவன் முழு வேகத்தில் ஓடிவரும் சத்தம் கேட்டது. ஓட்டக்காரர்கள் போடும் ஆணிச் சப்பாத்து சீமெந்தில் படும் சத்தம். ஒன்பது வீட்டுச் சன்னல்களும் திறந்தன. படியில் யாரும் இல்லை. சத்தம் மட்டும் ஏறி வந்து, மதலேனாவின் வாசலில் வேகம் குறைந்து, கழற்றி வைத்த சப்பாத்துக்குப் பக்கத்தில் நின்றது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அவன் இந்தப் படியில் ஓடிப் பழகியவன், அதனால் அது லூக்காஸின் கால்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சன்னலை மூடப்போன நேரத்தில் பின்னால் இன்னொருவனுடைய காலடி வந்தது.

இந்த இரண்டாவது காலடியைப் பற்றித்தான் ஒன்பது வீட்டாரான எங்களுக்குப் பயம். முதலாவது எங்கள் பையனுடையது, பிந்தி வந்தாலும் வீட்டுக்குத்தானே வருகிறது என்று விட்டுவிடலாம். இரண்டாவது கனமானது. நாலு எட்டு வைத்தால் நாலாவது எட்டு மற்றவற்றைவிட அழுத்தி விழும். அது வாசல் வரைக்கும் வரவில்லை, ஐம்பதாவது படியளவில் நின்றுவிட்டது. மதலேனா சிலுவை போட்டுக்கொண்டு மகனைப் பார்த்தாள். லூக்காஸ் கோப்பையைக் கீழே வைக்காமல், எதிரொலி அம்மா, மலைப்பக்கம் இப்படித்தான் கேக்கும் என்றான். எதிரொலிக்கு வேறு ஆளின் கால் இருக்குமா என்று மதலேனா கேட்கவில்லை. மகன் முகம் வெளுத்திருந்ததைக் கண்டாள், பயந்துவிட்டான் என்று நினைத்தாள். தாய் நினைத்தது பாதிதான் சரி.

மூன்றாவது வீட்டில் பரமநாதன் ஐயா இருந்தார். யாழ்ப்பாணத்தவர், நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்துமூன்று வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அளக்காத விஷயத்தை அவர் நம்பவும் மாட்டார், நம்பாமலும் இருக்க மாட்டார். அடுத்த தடவை அவர் மணிக்கூட்டோடு முப்பதாவது படியில் நின்றார். முதல் கால் தன்னைக் கடந்ததற்கும் இரண்டாவது கால் கடந்ததற்கும் இடையில் எத்தனை விநாடி என்று பிடித்து, அதை வேகத்தால் பெருக்கி, நாற்பத்தொரு மீற்றர் என்று கலண்டரின் பின்பக்கத்தில் எழுதினார். ஒருவன் முன்னால் ஓடுகிறான், இன்னொருவன் நாற்பத்தொரு மீற்றர் பின்னால் துரத்துகிறான். தன்னால் சொல்லக்கூடியது அவ்வளவுதான், துரத்துகிறவன் ஏன் துரத்துகிறான் என்பது அளவைக்குள் வராது என்றார்.

அந்த வருஷமே லூக்காஸ் ஒலிம்பிக்கில் ஓடினான். நூறு மீற்றரில் இந்த நாட்டுக்குக் கிடைத்த ஒரே ஒரு இடம் அது. முதல் சுற்றில் நாலாவதாக வந்தான். பத்து விநாடியும் கொஞ்சமும் நாங்கள் அவனைத் தொலைக்காட்சியில் பார்த்தோம், அந்தக் கொஞ்சத்துக்காகப் பட்டாசு கொளுத்தினோம். ஸ்டேடியத்தில் மற்ற ஏழு பேர் ஓடும் சத்தம் கேட்டது, அவன் ஓடும் சத்தம் கேட்கவில்லை. வர்ணனைக்காரர் அதைக் கால் நிலத்தில் படாத ஓட்டம் என்று புகழ்ந்தார். எங்களுக்குத் தெரியும், சத்தம் இங்கே வந்துகொண்டிருக்கிறது என்று. கடலும் மலையும் கடந்து வர அதற்குப் பத்தொன்பது நாள் பிடித்தது. லூக்காஸ் திரும்பி வந்து, மேயர் மாலை போட்டு, அந்த மாலையும் காய்ந்த பிறகு, ஒரு மழைப் பின்னேரத்தில் வந்தது. பின்னாலேயே மற்றதும் வந்தது. பரமநாதன் ஐயா குடையோடு நின்று அளந்தார். முப்பத்துநாலு.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் அவன் ஓடினான், தூரம் குறைந்தது. இருபத்தாறு. பத்தொன்பது. பதினான்கு. மதலேனா பாதிரியாரைக் கூட்டிவந்து எண்பத்துநாலு படிக்கும் தீர்த்தம் தெளிக்கச் செய்தாள். அடுத்த தடவை இரண்டு காலடியும் ஈரத்தில் ஓடும் சத்தத்தோடு வந்தன, அதைத் தவிர வித்தியாசம் ஒன்றும் இல்லை. பாதிரியார் நல்ல மனிதர். ஆசீர்வாதம் ரெண்டு பேருக்கும் போய்ச் சேர்ந்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒலிம்பிக்குக்கு அடுத்த வருஷம் லூக்காஸுக்குக் கலியாணம் பேசினபோது ஒன்பது வீட்டாரும் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளைக்கு இழுப்பு இருந்தால், குடி இருந்தால் மறைப்பதுபோல இதையும் மறைத்தோம். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தைச் செய்து வை என்பார்களே, நாங்கள் ஒரு பொய்யும் சொல்லவில்லை, கேட்காததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பெண்ணின் பெயர் அனற். கண்டியில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்தாள். வந்த மூன்றாவது வாரம் அவள் வீட்டில் தனியாக இருந்து போஞ்சிக்காய் அரிந்துகொண்டிருந்தபோது, லூக்காஸ் எங்கோ வெளிநாட்டில் ஓடிய ஓட்டம் ஒன்று படியேறி வந்து வாசலில் நின்றது. புருஷனின் ஓட்டத்தை அவள் அறிந்திருந்தாள், அதனால் எழுந்து கதவைத் திறந்தாள். வாசல் வெறுமையாக இருந்தது. அவள் கதவைப் பிடித்தபடி நிற்கும்போதே மற்றக் கால் வந்தது, கனமாக, நாலாவது எட்டை அழுத்திக்கொண்டு. வாசலிலிருந்து பத்துப் படி கீழே அது நின்றது. நின்ற இடத்தில் மூச்சு வாங்குவதும் கேட்டது. அனற் கதவைச் சாத்தி, அலுமாரியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, மதலேனா வரும்வரைக்கும் அதில் முதுகைச் சாய்த்து நின்றாள். அவளுக்கு அன்று வந்த பயம் எட்டு வருஷம் போகவில்லை. தன் புருஷனை ஒருவன் துரத்துகிறான், ஒருநாள் பிடித்துவிடுவான், பிடித்தால் என்ன செய்வான் என்பதுதான் அந்தப் பயம். அவள் அதற்குப் பிறகு போஞ்சி வாங்கவில்லை.

அவள் சொல்லித்தான் குண்டசாலையில் வீடு எடுத்துப் போனார்கள். வாசலிலேயே பஸ், படி என்று ஒன்றுமே இல்லாத தட்டையான இடம். காலடிகள் முதலில் வழக்கம்போல அம்பிட்டியவுக்கு வந்தன. பூட்டிய கதவின் முன்னால் சற்று நேரம் நின்றன. பிறகு படியிறங்கிப் போன சத்தத்தை நாங்கள் கேட்டோம். குண்டசாலையில் அவை வந்து சேர்ந்தபோது இரண்டாவது கால் முதலாவதற்கு மிகக் கிட்டத்தில் இருந்தது. தட்டையான இடத்தில் யாரும் வேகமாகத்தானே ஓடுவார்கள். மூன்று மாதத்தில் சாமான்களை லொறியில் ஏற்றிக்கொண்டு திரும்பிவிட்டார்கள். அந்த வாரம் பரமநாதன் ஐயா எழுதிய அளவு நாலு மீற்றர். ஓடும்போது பிடரியில் சூடாகக் காற்றுப் படுகிறது என்று லூக்காஸ் அப்போதுதான் முதன்முதலாக வாய் திறந்து சொன்னான். இருபத்தாறு வயதில், காலில் ஒரு குறையும் இல்லாதபோது, அவன் நூறு மீற்றர் ஓடுவதை விட்டான். பத்திரிகைகள் பலதும் எழுதின. ஒன்றும் சரியில்லை.

ஓட்டத்தை விட்டவன் உதைபந்தாட்டத்துக்குப் போனது எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது, அவன் விளக்கம் சொன்ன பிறகு இருக்கவில்லை. நேரே ஓடுகிறவனைப் பிடிக்கலாம், திரும்பித் திரும்பி ஓடுகிறவனைப் பிடிப்பது கஷ்டம் என்றான். பள்ளிக்கூடத்தில் அவன் வலது பக்க ஓரத்தில் விளையாடியவன். மாலைதீவில் ஒரு கழகம் அவனைச் சம்பளத்துக்கு எடுத்தது. ஒலிம்பிக்கில் ஓடிய கால் என்று போட்டோ போட்டார்கள். முதல் ஆட்டத்தின் சத்தம் நாலாவது நாள் அம்பிட்டியவுக்கு வந்தபோது நாங்கள் அதுவரைக்கும் கேட்காத ஒன்றைக் கேட்டோம். முதல் கால் பாய்ந்தது, நின்றது, சடாரென்று திரும்பியது, பின்னுக்கு வந்தது, மறுபடி பாய்ந்தது. தொண்ணூறு நிமிஷம் படியிலும் முற்றத்திலும் கூரைத் தகரத்திலும் அது ஓடியது. துரத்தி வந்தவனுக்குத் திரும்பத் தெரியவில்லை. அவன் நேரே போய் ஐந்தாவது வீட்டு மதிலில் மோதினான், பூச்சு விழுந்து தோள் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்தது. ஆறாவது வீட்டின் அந்தூரியச் சட்டிகள் மூன்று உடைந்தன. அன்றைய தூரம் முப்பது மீற்றருக்கு மேல் என்று ஐயா அறிவித்ததும் மதலேனா படிக்கட்டு முழுவதற்கும் பாற்சோறு கொடுத்தாள். அனற் முதல்தடவையாக எங்களோடு சேர்ந்து சிரித்ததும் அன்றைக்குத்தான்.

அவன் நல்ல ஆட்டக்காரன்தான் என்று சொல்ல வேண்டும். இரண்டு பருவத்தில் பத்தொன்பது கோல் போட்டான், ஒரு கிண்ணமும் வென்றான். மூன்றாவது பருவத்தில் துரத்துகிறவன் திரும்பக் கற்றுக்கொண்டான். முதலில் மதில்களில் மோதுவது நின்றது. பிறகு லூக்காஸ் இடப்பக்கம் போவதுபோலக் காட்டி வலப்பக்கம் போனால், அவன் ஏமாறாமல் வலப்பக்கமே போனான். பன்னிரண்டு, ஐந்து, ஒன்றரை. ஒருநாள் ஐயா மணிக்கூட்டை அமத்தவே நேரம் இருக்கவில்லை, இரண்டு காலும் ஒரே எட்டுப்போலக் கடந்துபோயின. அந்த விடுமுறைக்கு லூக்காஸ் வந்தபோது வலது குதிகாலுக்கு மேலே ஆறு புள்ளிகள் இரத்தம் கட்டி இருந்தன. எதிரணிக்காரன் மிதித்தான் என்றான். உதைபந்தாட்டச் சப்பாத்தில் கூரான ஆணி இருக்காது என்பது அனற்றுக்கும் தெரியும். அடுத்த விடுமுறையில் புள்ளிகள் கெண்டைக்காலில் இருந்தன. அதற்கடுத்ததில் முழங்காலின் பின்பக்கம். ஆறு ஆறாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. அவன் தூங்கும்போது அவள் அவற்றை எண்ணினாள். முதுகுக்கு வர எத்தனை ஆட்டம் இருக்கிறது என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஆட்டத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தாள். நான் நின்னா அவன் நிப்பான்னு யாருக்குத் தெரியும் என்று லூக்காஸ் கேட்டான்.

இவ்வளவு காலமும் அது யார் என்று ஒருவரும் கண்டுபிடிக்காததற்குக் காரணம், நாங்கள் எல்லோரும் செத்தவர்களிடையே தேடியதுதான். மதலேனா தன் பக்கத்தில் அகாலமாகச் செத்தவர்கள் எல்லோருக்கும் பூசை கொடுத்தாள். அனற் தன் பக்கத்தில் இரண்டு பேருக்குக் கொடுத்தாள். உயிரோடிருக்கும் ஒருவனின் கால் இப்படி வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அது கடுகண்ணாவையில் தெரியவந்தது, அதுவும் ஒரு ஆணி குத்தியதால்.

போன வருஷம் மாசி மாதம் அனற் கேகாலையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டு வாடகை வான் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தாள். கடுகண்ணாவைக் கணவாய் ஏற்றத்தில் பின்சில்லில் ஆணி குத்தி, காற்றுப் போய் வான் ஓரத்தில் நின்றது. சாரதி பக்கத்தில் இருந்த டயர் கடைக்காரனுக்குக் குரல் கொடுத்தான். அனற் இறங்கி, சரளைக்கல் பரப்பிய ஓரத்தில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதுக்குப் பக்கத்தில் ஒருவன் தொண்டையைச் செருமினான். திடுக்கிட்டுத் திரும்பினால், கையில் ஜாக்கியோடு முப்பத்தைந்து வயதளவில் ஒரு ஆள். நல்ல உயரம், பெரிய தொடை. பயப்படாதீங்க தங்கச்சி, நான் வந்தா சத்தம் கேக்காது, அதுக்குத்தான் செருமினேன் என்றான். அவன் சரளையில் நடந்து வானைச் சுற்றிப் போனான். ஒரு கல் நெரியும் சத்தம்கூட இல்லை. கடை வாசலில் படுத்திருந்த நாய், தன்னைத் தாண்டிப் போகும்வரைக்கும் அவனைக் கவனிக்கவில்லை. அவன் நடக்கும்போது நாலு எட்டுக்கு ஒருதரம் இடது தோள் கொஞ்சம் தாழ்ந்தது, சத்தம் இல்லாவிட்டாலும் அழுத்தம் தெரிந்தது. வருஷக்கணக்காகக் காதால் கேட்டதை அன்று கண்ணால் கண்டாள்.

பிறந்ததிலிருந்தே இப்படியா என்று அவள் கேட்டாள். அவன் சில்லைக் கழற்றிக்கொண்டே, பள்ளிக்கூட மணி அடித்த நேரத்தைச் சொல்பவன்போலச் சொன்னான். பெயர் ரவிகுமார். முன்பு நூறு மீற்றர் ஓடியவன். ஒலிம்பிக் தெரிவுப் போட்டியில் ஐந்தாவது தடம் அவனுடையது. ‘செட்’ சொல்லி எல்லோரும் இடுப்பைத் தூக்கி நிற்கும்போது நாலாவது தடத்துப் பையனின் தோள் அசைந்தது. ஓடுகிறவனுக்குக் காது துப்பாக்கியில் இருந்தாலும் உடம்பு பக்கத்துத் தடத்தில்தான் இருக்கும். ஒருவன் அசைந்தால் மற்றவன் தானாகக் கிளம்பிவிடுவான். ரவிகுமார் கிளம்பிவிட்டான். ஓட்டத்தை நிறுத்தத் துப்பாக்கி இரண்டாம் தரம் வெடித்தது. சிவப்பு அட்டை ஐந்தாவது தடத்துக்கு. முந்தி அசைந்தவன்தான் வெளியே போக வேண்டும் என்பது சட்டம். அவன் போய்ச் சொன்னான். நடுவர் நாலாவது தடத்துப் பையனைப் பார்த்து, நீ அசைந்தாயா என்று கேட்டார். கையைத் தூக்கியிருந்தால் போதும். அந்தப் பையன் இல்லை என்று தலையாட்டினான். ரவிகுமார் மைதானத்தை விட்டு வெளியே நடக்கும்போதுதான் தன் காலில் சத்தம் இல்லை என்பதைக் கண்டான். ஆணிச் சப்பாத்தோடு சீமெந்தில் நடக்கிறான், பஞ்சில் நடப்பதுபோல இருந்தது. அன்றிலிருந்து இப்படித்தான். கட்டின பெண்சாதிகூட மூன்று தடவை மயங்கி விழுந்தாள், பிறகு செருமப் பழகிக்கொண்டான்.

அனற் தான் யார் என்பதைச் சொன்னாள். சொல்லாமல் வானில் ஏறிப் போயிருக்கலாம், ஆனால் கெண்டைக்கால் புள்ளிகள் கண்ணுக்குள் நின்றன. என் புருஷனை என்ன செய்யப் போறீங்க, உங்க கால் எங்க வீட்டுக்குத்தான் வருது என்றாள். ரவிகுமார் ஜாக்கியைக் கீழே வைத்தான். அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. காணாமல் போன மாட்டைப் பற்றித் தகவல் கிடைத்தவன்போல அவள் பக்கத்தில் வந்தான், செருமக்கூட மறந்துபோனான்.

“நல்லா ஓடுதா தங்கச்சி?” என்று கேட்டான்.

அவள் தலையாட்டினாள். நாற்பத்தொரு மீற்றர் பின்னால் இருந்ததையும், இப்போது மயிரிழைதான் இருக்கிறது என்பதையும் சொன்னாள். உதைபந்தாட்டத்தில் அது திரும்பக் கற்றுக்கொண்டதைச் சொன்னாள். அவன் கண் கலங்கிவிட்டது. நான் பந்து விளையாடினதே இல்லையே, அதுவாப் படிச்சிருக்கு பாருங்க என்றான். லூக்காஸ் மேல் அவனுக்குக் கோபம் இருந்ததா என்றால், இருந்தது என்று அவனே சொன்னான். முதல் இரண்டு வருஷம் நெஞ்செல்லாம் எரிந்தது, அப்புறம் கடை, பிள்ளைகள், வேலை என்று தணிந்துவிட்டது. ஆனால் கால் அவன் சொல்லிப் போனது இல்லை, அவன் கூப்பிட்டால் வரவும் வராது. அது பிடிக்கிற வரைக்கும் நிக்காது தங்கச்சி, என்னோட கால் எனக்குத் தெரியும் என்றான். அதுதான் அவளை எல்லாவற்றையும்விடப் பயமுறுத்தியது.

வீட்டுக்கு வந்து அவள் லூக்காஸிடம் ரவிகுமார் என்று ஒரு பெயர் சொன்னாள், அவன் கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். முதல் நாளே, பிளேன்டீக் கோப்பை கையில் இருக்கும்போதே, அவனுக்கு அந்தக் கால் யாருடையது என்று தெரியும். ஐந்து வருஷம் பக்கத்துத் தடத்தில் ஓடியவனின் காலைத் தெரியாமல் இருக்குமா. தெரிந்துகொண்டுதான் எதிரொலி என்றான், தெரிந்துகொண்டுதான் பந்துக்கு மாறினான். மதலேனா சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் தான் கொடுத்த பூசைகள் எல்லாம் யார் யாருக்கோ போனதை நினைத்தாளோ என்னவோ, உள்ளே போய்விட்டாள். அனற் மட்டும் கேட்டாள், ஏன் சொல்லவில்லை என்று.

“நான் அசைஞ்சேன்,” என்றான் லூக்காஸ். “அன்னைக்குச் சொல்லியிருந்தா ஒரு நிமிஷ வேலை. அப்புறம் ஒவ்வொரு நாளும் அது பெருசாகிடுச்சு.”

இரண்டாவது நாள் அவன் ரயிலேறிக் கடுகண்ணாவைக்குப் போனான். அங்கே என்ன பேசினார்கள் என்பதை இருவரும் யாருக்கும் சொல்லவில்லை. கடைக்கு எதிரே ரொட்டி விற்கும் நிஸாம் பார்த்தது, இரண்டு பேரும் ஒரு பழைய லொறி டயரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள் என்பது மட்டுமே. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, அதே மைதானத்தில், அதே தடங்களில் மறுபடி ஓடுவதென்று முடிவாகியிருந்தது. அனற் வேண்டாம் என்று அழுதாள். இதுவரைக்கும் கால்தான் துரத்தியது, இப்போது காலும் ஆளும் ஒரே இடத்துக்கு வரப்போகின்றன, அகப்பட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு விளங்கவில்லை. எங்களுக்கும் விளங்கவில்லை. அந்த ஞாயிறு ஒன்பது வீட்டிலும் ஒருவரும் பூசைக்குப் போகாமல் சன்னலோரம் இருந்தோம்.

மைதானத்துக்குப் போனது மூன்று பேர்தான். தொடக்கி வைக்கப் பரமநாதன் ஐயாவைக் கூட்டிப்போனார்கள். துப்பாக்கிக்குப் பதிலாகப் பள்ளிக்கூடங்களில் அடிப்பதுபோல இரண்டு பலகைகளை அவர் வைத்திருந்தார். பேத்தியின் கொப்பியிலிருந்து கிழித்த சிவப்பு மட்டையும் சட்டைப்பையில் இருந்தது. நாலாவது தடத்தில் லூக்காஸ் குனிந்தான். ஐந்தாவதில் ரவிகுமார் வெறுங்காலோடு குனிந்தான், வயிறு கொஞ்சம் இடித்தது. ஐயா ‘செட்’ என்றார். இரண்டு இடுப்பும் மேலே எழுந்தன. அந்த நேரத்தில் தன் முதுகில் யாரோ கை வைக்கப் போவதுபோல இருந்தது என்று லூக்காஸ் பிறகு சொன்னான். அவன் தோள் அசைந்தது. பழக்கத்தில் அசைந்ததா, வேண்டுமென்றே அசைத்தானா என்று அவனுக்கே தெரியாது. ரவிகுமார் இந்தத் தடவை கிளம்பவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றான். லூக்காஸ் எழுந்து, தலைக்கு மேலே கையைத் தூக்கினான்.

“தம்பி, நீர் அசைஞ்சனீரோ?” என்று ஐயா கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி அது என்பதால் கேட்டார்.

“ஆமாங்க ஐயா. நான்தான்.”

ஐயா சிவப்பு மட்டையை எடுத்து நாலாவது தடத்துக்குக் காட்டினார். லூக்காஸ் தடத்தை விட்டு விலகி, புல்லில் போய் நின்றான். பிறகு பலகை அடித்தது, ரவிகுமார் தனியாக ஓடினான். ஒன்பது வருஷம் ஓடாத உடம்பு அது. ஐயாவின் மணிக்கூட்டில் பதினான்கு விநாடிக்கு மேல் போயிற்று, ஆனால் அதை அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஓடி முடிந்து அவன் திரும்பி நடந்து வந்தபோது தடத்து ஓரச் சரளைக்கல் நெரிந்தது. மூன்று பேரும் நின்று அதைக் கேட்டார்கள். நாலாவது எட்டு அழுத்தி விழுந்தது. லூக்காஸ் அவனுக்கு எதிரே நடந்து போனான், அவன் காலடியில் ஒரு கல்லும் சத்தம் போடவில்லை.

அவன் வீட்டுக்கு வந்ததை அனற் கேட்கவில்லை. சன்னல்களில் நின்ற நாங்களும் கேட்கவில்லை, கண்ணால் கண்டுதான் தெரிந்துகொண்டோம். அவள் ஓடிப்போய் அவனுடைய காலைத் தூக்கிப் பார்த்தாள். புதிய புள்ளி ஒன்றும் இல்லை. பிறகு எல்லோரும் பதினொரு நிமிஷம் காத்திருந்தோம். மதலேனா செபமாலையை உருட்டினாள். பதினொன்று வந்தது, போனது. பதினைந்து ஆனது. படி எண்பத்துநாலும் வெறுமையாக வெயிலில் கிடந்தன. அரை மணித்தியாலம் கழித்து அனற்றின் கைபேசி அடித்தது. கடுகண்ணாவையிலிருந்து ரவிகுமாரின் பெண்சாதி. அவர் இப்பத்தான் வந்தாரு அக்கா, வரும்போதே நாய் குரைச்சுது, சந்தோஷமா இருந்துச்சு, ஆனா பதினொரு நிமிஷம் கழிச்சு அவரு ஓடுற சத்தம் ரோட்டுல வந்துச்சு, அதுக்குப் பின்னால வேற யாரோ ஓடி வராங்க அக்கா, மெல்லிசான கால், என்ன செய்ய என்று கேட்டாள். அனற் புருஷனைப் பார்த்தாள். அவன் காலை நீட்டிக்கொண்டு கதிரையில் இருந்தான். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தான் எட்டு வருஷம் நின்ற இடத்தில் இப்போது இன்னொருத்தி நிற்கிறாள் என்று நினைத்தாள். கதவுக்கு அலுமாரியை முட்டுக் கொடுக்க வேண்டாம், அது உள்ளே வராது, தூரத்தை மட்டும் எண்ணாதீர்கள் என்று தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். ஐயா பின்னாலிருந்து எத்தனை மீற்றர் என்று கேட்கச் சொன்னார், அவள் கேட்கவில்லை. அதற்குள் அங்கே ரவிகுமார் கைபேசியை வாங்கிவிட்டான்.

“வரட்டும் தங்கச்சி,” என்றான். “பின்னாலதானே வருது.”

அதற்குப் பிறகு அம்பிட்டியப் படியில் பிந்தி வரும் காலடி இல்லை. ஐந்தாவது வீட்டு மதிலின் பள்ளத்தைப் பூசிவிட்டார்கள். லூக்காஸ் கழகத்துக்கு விலகல் கடிதம் எழுதிக்கொடுத்துவிட்டு வந்து, பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறான். அவன் பின்னால் வந்து நிற்பது தெரியாமல் பிள்ளைகள் பேசும் பேச்செல்லாம் அவன் காதில் விழுகிறது. பின்னேரம் நாலரைக்கு அவன் வீட்டுக்கு வருவான். அனற் அடுப்படியில் இருப்பாள். அவன் வாசலில் நின்று தொண்டையைச் செருமுவான், அவள் வாங்க என்பாள்.